அஞ்சு செடிக்கு வெளியே நின்ன ஒரு செடி

டாக்குரியாவுக்குக் குடி வந்த புதுசுல நடந்தது இது. கோதுமையோட கொஞ்சம் சோயாவை வறுத்துச் சேத்து அரைச்சா சப்பாத்தி நல்லா வரும், சத்தும் கூடன்னு தங்கமணிகிட்ட யாரோ சொல்லியிருக்காங்க. "ஏங்க, வரும்போது ஒரு கிலோ சோயா பீன்ஸ் வாங்கிட்டு வந்துடுங்க"ன்னு உத்தரவு. ஆபீஸ் முடிஞ்சு லோக்கல் ட்ரெயின்ல வந்து இறங்கி, ஸ்டேஷன் பக்கத்து மளிகைக்கடையில நின்னு, எனக்குத் தெரிஞ்ச நாலு பெங்காலி வார்த்தையையும் செலவு பண்ணி சயாபீன் கேட்டேன். கடைக்காரர் "சோட்டோ நா பொரோ, தாதா?"ன்னார். (தாதான்னா இங்கே அண்ணன். நம்ம சினிமா தாதா இல்லை.) சின்னதா பெருசான்னு கேக்குறாரே, விதை அளவுல ரகம் பிரிச்சு விக்கிற ஊரு போலன்னு ஒரு நிமிஷம் புல்லரிச்சுப் போச்சு. பெருசுன்னேன். மூட்டைக்குள்ள கையை விட்டு அள்ளிப் போட்டது மீல் மேக்கர் உருண்டை.

வங்காளத்துல சயாபீன்னா அதுதான். உருளைக்கிழங்கோட சேத்து ஒரு குழம்பு வைப்பாங்க, நல்லாத்தான் இருக்கும். எண்ணெய் பிழிஞ்ச சக்கையை மெஷின்ல கொடுத்து உருட்டின பண்டம் அது. அதுக்குப் பின்னாடி ஒரு விதை இருக்கு, விதைக்குப் பின்னாடி ஒரு செடி இருக்குன்னு கடைக்காரருக்கும் கவலை இல்லை, வாங்குறவருக்கும் கவலை இல்லை. நம்ம ஊர்லயும் இதே கதைதானே? அங்கே பேராவது மீல் மேக்கர்னு வேற. இங்கே விதையோட பேரையே உருண்டை பிடுங்கிக்கிச்சு.

இதுக்கு ஏன் இவன் இவ்ளோ டென்ஷன் ஆகுறான்னு நினைப்பீங்க. காரணம் இருக்கு. இப்பப் பாக்குறது பேங்க் உத்யோகம், ஆனா படிச்சது எம்.எஸ்ஸி. பயிர்ப்பெருக்கம். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கிட்டது சோயா மொச்சை. நம்ம பக்கத்துல அக்ரி படிச்சிட்டு பேங்குக்குப் போற கூட்டம் எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும், நானும் அதுல ஒருத்தன். இனி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

கோயம்புத்தூர்ப் பக்கம், ஒரு ஆராய்ச்சிப் பண்ணை. 42 வரிசை சோயா விதைச்சிருந்தேன். வெளியிலேருந்து பாத்தா எல்லாம் ஒரே பச்சை. முட்டி போட்டு உக்காந்து பாத்தாத்தான் தெரியும், ரெண்டு வரிசை ஒண்ணு மாதிரி இருக்காது. முளைச்சு ஆறாம் நாள், விதையிலைக்குக் கீழ இருக்கிற தண்டைப் பாக்கணும். சிலது ஊதா, சிலது வெறும் பச்சை. ஊதாத்தண்டுல ஊதாப் பூ வரும், பச்சைத்தண்டுல வெள்ளைப் பூ வரும். ரெண்டுக்கும் ஒரே மரபணுதான் காரணம். பூக்கிறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே பூவோட நிறத்தைச் சொல்லி, வேலை செய்ற அக்காங்ககிட்ட ஜோசியர் பட்டம் வாங்கினேன் :-)

அப்புறம் முடி. தண்டுலயும் காய்லயும் இருக்கிற மெல்லிசு முடி ஒண்ணுல செம்பழுப்பு, இன்னொண்ணுல சாம்பல், சிலதுல காய் மழமழன்னு முடியே இல்லாம இருக்கும். இலை சிலதுல அகலம், சிலதுல ஈட்டி மாதிரி குறுகல். குறுகின இலை இருக்கிறதுல காய்க்கு நாலு விதை பாக்கிறது அதிகம். கடைசியில விதை. மஞ்சள், பச்சை, காப்பிக்கலர், கறுப்பு. காய்ல ஒட்டியிருந்த இடத்துல ஒரு தழும்பு இருக்குமே, அது கறுப்பா, பழுப்பா, மஞ்சளாங்கிறது கூட வியாபாரத்துல பெரிய விஷயம். சோயா பாலும் டோஃபுவும் பண்றவங்க வெளிர் தழும்பைத்தான் தேடுவாங்க, இல்லேன்னா பண்டத்துல கறுப்புத் துகள் தெரியும். எடைன்னு பாத்தா காட்டுச் சோயா 100 விதை ரெண்டு கிராம் கூட வராது. நம்ம நாட்டு வயல் ரகங்கள் பெரும்பாலும் 8லேருந்து 13 கிராம். ஜப்பான்ல பச்சைக்காயா வேகவச்சுத் திங்கிற ரகங்கள் 30 கிராமைத் தாண்டும். எல்லாம் ஒரே குடும்பம்னு சொன்னா நம்ப முடியாது.

இதையெல்லாம் அளந்து என்ன பண்றது? இங்கேதான் கல்கத்தா வருது.

1920ல நாக்பூர்ல நடந்த அறிவியல் மாநாட்டுல, விலங்கியல் ஆய்வுத்துறை இயக்குநர் அனண்டேல், பிரசாந்த சந்திர மகாலனோபிஸ்னு ஒரு இளம் இயற்பியல் வாத்தியார்கிட்ட ஒரு வேலை கொடுத்தார். கல்கத்தா ஆங்கிலோ இந்தியர்களோட உயரம், தலை நீளம், மூக்கு அளவுன்னு எடுத்து வச்ச கணக்கு. இதை வச்சு ஏதாவது சொல்ல முடியுமான்னு கேட்டார். அதுல இறங்கின மனுஷன் வெளியே வரவே இல்லை. கடைசியில 1936ல அவர் வெளியிட்டதுதான் ரெண்டு கூட்டத்துக்கு நடுவுல இருக்கிற தூரத்தை அளக்கிற டி-ஸ்கொயர் கணக்கு. அதோட சூட்சுமத்தை என் பாஷையில சொல்றேன். ஒருத்தர் லோனுக்கு வர்றார். கடை வருமானம்னு ஒரு தொகை, மனைவி பேர்ல வருமானம்னு ஒரு தொகை எழுதியிருக்கார். விசாரிச்சா ரெண்டும் ஒரே கடை. ரெண்டையும் கூட்டினா நான் ஏமாளி. செடியும் அப்படித்தான். உயரமும் கணு எண்ணிக்கையும் கூடவே போகும். தனித்தனியா எண்ணினா ஒரே வித்தியாசத்தை ரெண்டு தடவை எண்ணினதா ஆகிடும். டி-ஸ்கொயர் அதைக் கழிச்சுட்டு உண்மையான தூரத்தைச் சொல்லும். சி.ஆர். ராவ் 1952ல எழுதின புத்தகத்துல, இந்தத் தூரத்தை வச்சு எப்படிக் குழு பிரிக்கிறதுன்னு வழி காட்டினார். மனுஷன் மூக்கை அளக்கப் பிறந்த கணக்கு, இன்னிக்கு இந்தியாவுல நெல்லு, உளுந்து, சோயான்னு எந்தப் பயிர்ப்பெருக்கத் தீசிஸைத் தொட்டாலும் வந்து நிக்கும். தூரமா இருக்கிற ரெண்டு ரகத்தைக் கலப்பு பண்ணினா பிள்ளைகள்ல வித்தியாசம் கூடும், அதுல பொறுக்கலாம்ங்கிறது நம்பிக்கை.

நானும் பண்ணினேன். அஞ்சு குழு வந்துச்சு. பட்டமும் வந்துச்சு.

என் வருத்தம் வேற. அந்த வருஷம் மஞ்சள் மொசைக் நோய் பலமா அடிச்சது. வெள்ளை ஈ பரப்புற வைரஸ். வயல்ல மஞ்சப்பொடி தூவின மாதிரி ஆயிடும், காய் பிடிக்காது. எந்த வரிசை எவ்வளவு பாதிப்புன்னு மார்க் போட்டுக்கிட்டு இருந்தேன். களை எடுத்துட்டிருந்த ஒரு வயசான அம்மா கூப்பிட்டாங்க: "ஏனுங் தம்பி, இதா பாருங், இதொண்ணு மட்டும் பசேல்னு நிக்குது." போய்ப் பாத்தேன். முழு வரிசையும் மஞ்சளடிச்சுக் கிடக்க, நடுவுல ஒரே ஒரு செடி பச்சையா, காய் கட்டி நிக்குது.

இப்ப முறை என்னன்னு தெரிஞ்சுக்கணும். ஒரு பாத்தியில அஞ்சு செடியைக் குலுக்கல் மாதிரி தேர்ந்தெடுத்து சீட்டு கட்டி வச்சிருப்போம். அளக்கிறதெல்லாம் அந்த அஞ்சைத்தான். அஞ்சுக்கும் சராசரி போட்டா அதுதான் அந்த வரிசையோட குணம். அந்தப் பச்சைச் செடி என் அஞ்சுல இல்லை. "ஆமாங்கம்மா"ன்னு சொல்லிட்டு நகந்துட்டேன். அறுவடையில எல்லாத்தையும் ஒண்ணா அடிச்சாச்சு.

அது நோயைத் தாங்கின செடியா, இல்லை ஈ கண்ணுல படாமத் தப்பிச்ச செடியா? எனக்குத் தெரியாது. தனியா அறுத்து, ஒரு கவர்ல போட்டு, அடுத்த பட்டத்துல பத்து விதை போட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அந்தம்மா கண்ணுக்குத் தெரிஞ்சது என் டேபிளுக்குத் தெரியலை. மீதி 42 கவரையும் ஹாஸ்டல்ல ட்ரங்குப் பெட்டியில போட்டு வச்சேன். வேலை, டிரான்ஸ்ஃபர்னு ரெண்டு கோடை ஓடினப்புறம் எடுத்து ஈரத்துணியில சுத்திப் பாத்தேன். மஞ்சள் ஒண்ணு கூட முளைக்கலை. கறுப்புல மட்டும் சிலது முளைச்சுது, அதையும் வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம விட்டுட்டேன்.

மஞ்சள் சோயாவோட பலவீனம் அது. தோல் மெல்லிசு, தட்டினா அடிபடும், ஒரு சீசன் தாண்டினா உயிர் குறையும். இந்தியாவுல சோயாவுக்குச் சான்று விதை முளைப்புத்திறன் 70 சதவீதம் இருந்தாப் போதும்னு வச்சிருக்காங்க. பின்னாடி பேங்க் வேலையில ரெண்டு வருஷம் மத்தியப் பிரதேசத்துல, தேவாஸ் பக்கம் இருந்தப்ப, ஒவ்வொரு ஜூன்லயும் விவசாயிங்க நூறு விதையை எண்ணி ஈரக்கோணியில சுத்தி வச்சு முளைப்பு எண்றதைப் பாத்திருக்கேன். எண்ணிக்கை குறைஞ்சா முகம் மாறும். விதைக்கு வாங்கின கடனுக்குக் கையெழுத்து போட்டவன் எதிர்ல நான்தானே உக்காந்திருந்தேன்.

அதே மால்வாவுல ஒரு காலத்துல 'காலிதூர்'னு ஒரு கறுப்புச் சோயா இருந்துச்சு. சின்ன விதை, நீளமா வளரும், கொடி மாதிரி பின்னிக்கும், நாள் அதிகம் எடுக்கும். ஆனா விதை கெடாம நிக்கும். அதை ஓரங்கட்டினது 1960கள்ல அமெரிக்காவுலேருந்து பந்த்நகர், ஜபல்பூர் வழியா வந்த பிராக் மாதிரி மஞ்சள் ரகங்கள். அப்புறம் 1994ல ஜே.எஸ். 335. ரெண்டு பத்தாண்டுக்கு மத்திய இந்தியாவுல சோயான்னாலே அதுதான். தப்பு சொல்லலை, அந்த ரகம் எத்தனை வீட்டுக்குக் கல்யாணம் பண்ணி வச்சதுன்னு எனக்குத் தெரியும். மெஷின் அறுவடைக்கு ஒரே உயரம், ஒரே நேரத்துல முத்தல், காய் வெடிக்காத குணம் எல்லாம் வேணும்தான். ஆனா அந்த ரகத்துக்கு மஞ்சள் மொசைக்கைத் தாங்க வழியில்லை. எல்லாரும் ஒண்ணையே போட்டிருந்தப்ப நோயும் ஒண்ணையே தேடி வந்துச்சு. அடுத்து வந்த ஜே.எஸ். 95-60 சீக்கிரம் முத்துற ரகம், ஓஹோன்னு பேர் வாங்கி, அதுவும் மொசைக்குக்குப் பலியாச்சு. இந்த நோயைத் தாங்குற குணம் எங்கே இருக்குன்னு பந்த்நகர்க்காரங்க 1970கள்லயே தேடினப்ப, கிடைச்ச இடங்கள்ல ஒண்ணு காட்டுச் சோயா. கறுப்பா, கடுகுக்கு அண்ணன் மாதிரி விதை வச்சிருக்கிற, யாரும் வயல்ல வைக்க மாட்டாத கொடி.

அமெரிக்கக் கதை இன்னும் சுவாரசியம். 1954ல வடக்கு கரோலினாவுல வேரைத் தாக்குற ஒரு நூற்புழு தலைகாட்டுச்சு. சேமிச்சு வச்சிருந்த ஆயிரக்கணக்கான ரகங்களைப் புழு இருக்கிற மண்ணுல போட்டுப் பாத்தாங்க. தாங்கினது கைவிரல் எண்ணிக்கை. அதுல ஒண்ணு பீகிங், 1906ல சீனாவுலேருந்து வந்த சின்னக் கறுப்பு விதை. மாட்டுத்தீவனத்துக்கு ஆகும்னு வச்சிருந்தது. 1960கள்ல அதோட கலப்புதான் அங்கே சோயா விவசாயத்தைக் காப்பாத்துச்சு. ஆனா அதே அமெரிக்கா 1929லேருந்து 1931 வரைக்கும் டார்செட், மோர்ஸ்னு ரெண்டு பேரைச் சீனா, கொரியா, ஜப்பான்னு அனுப்பி 4,500 மாதிரி சேகரிச்சுது. சரியான சேமிப்பு வர்றதுக்குள்ள முக்கால்வாசி போச்சு, ஆயிரம் கூட மிஞ்சலை. அதுல எத்தனை பீகிங் இருந்ததோ. என் ட்ரங்குப் பெட்டி மாதிரிதான், சைஸ் பெருசு.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். நாம அளக்கிறதுல கெட்டிக்காரங்க, வச்சுக்கிறதுல சோம்பேறிங்க. வருஷா வருஷம் எத்தனையோ தீசிஸ்ல 30 வரிசை, 40 வரிசைன்னு போட்டு, ஒரே ஒரு பட்டத்துல, ஒரே வயல்ல அளந்து, குழு பிரிச்சு பைண்டு பண்ணி அலமாரியில வைக்கிறோம். அடுத்த வருஷம் மழை மாறினா உயரமும் மகசூலும் மாறும், குழுவும் மாறும். மகாலனோபிஸ் கணக்குல தப்பில்லை. ஒரு பட்டத்துக் கணக்கை ரகத்தோட ஜாதகம் மாதிரி எழுதுறதுதான் தப்பு. விதையே உயிரோட இல்லைன்னா அந்த ஜாதகம் யாருக்கு?

இதைச் சொன்னா கூடப் படிச்ச நண்பன், இப்ப விதைக் கம்பெனியில இருக்கான், சிரிக்கிறான். "மாப்ள, டெல்லியில ஜீன் பேங்க் இருக்கு, இந்தூர்ல சோயாவுக்குன்னே ஆராய்ச்சி நிலையம் ஆயிரக்கணக்குல வச்சிருக்கு. உன் 42 கவர் போனதுக்கு ஒப்பாரியா?" அவன் சொல்றது பாதி சரி. என் வரிசைகள்ல பெரும்பாலானது அங்கே இருக்கும். ஆனா அந்தப் பச்சைச் செடி இருக்காது. அது அந்த வயல்ல அந்த வருஷம் வந்தது. இந்த மாதிரி தனிச்செடியை மாணவன் அறுத்துக் கொடுத்தா வாங்கிப் பதிஞ்சுக்கிற ஒரு ஏற்பாடு, தீசிஸோட சேத்து விதையும் சமர்ப்பிச்சாத்தான் பட்டம்னு ஒரு விதி, இதுக்கு எவ்வளவு செலவாகப் போகுது? 2001ல வந்த ரகப் பாதுகாப்புச் சட்டம் வித்தியாசம், சீர்மை, நிலைத்தன்மைன்னு மூணு பாக்குது. அதே சட்டத்துக் கீழ விவசாயிகளோட சொந்த ரகங்களுக்குச் சீர்மையில சலுகையும் உண்டு, மாறுபட்ட செடி ரெண்டு மடங்கு வரைக்கும் இருக்கலாம். சட்டம் எழுதினவங்களுக்கே வித்தியாசமான செடி மேல அவ்வளவு பொறுமை இருக்கிறப்ப, சீட்டு கட்டின அஞ்சு செடியைத் தாண்டி நமக்குக் கண்ணு போகலையே.

வெளியிலேருந்து அளக்கவே முடியாத குணமும் இருக்கு. பச்சைச் சோயாவுல ஜீரணத்தைத் தடுக்கிற கூனிட்ஸ்னு ஒரு புரதம் உண்டு. அதனாலதான் நல்லா வறுக்கணும், வேகவைக்கணும்ங்கிறது (தங்கமணிக்கும் இதைச் சொல்லி வச்சிருக்கேன்). இந்தூர்ல வெளியிட்ட என்.ஆர்.சி. 127ல அந்தப் புரதம் கிடையாது. அந்தக் குணம் அமெரிக்கச் சேமிப்புல இருந்த ஒரு வரிசையிலேருந்து வந்தது. அதோட உயரத்தையும் முடியையும் ஆயுசு பூரா அளந்தாலும் உள்ள இது இல்லைன்னு தெரிஞ்சிருக்காது. விதை இருந்ததால தெரிஞ்சுது.

இந்த ஊருக்கு இதெல்லாம் புதுசு இல்லைங்கிறதுதான் எனக்குத் தாங்கலை. மொலுக்காஸ் தீவுலேருந்து 1798ல வந்த சோயா விதையை ஆத்துக்கு அந்தாண்ட ஷிப்பூர் தாவரவியல் தோட்டத்துல வளத்ததா ராக்ஸ்பர்க் எழுதி வச்சிருக்கார். 1913ல உட்ஹவுஸ், டெய்லர்னு ரெண்டு பேர் வங்காளம், பீகார், ஒரிசாவுல இருக்கிற சோயா ரகங்களைப் பத்தி நீளமா ஒரு அறிக்கையே எழுதினாங்க. அப்ப இங்கே ரகங்கள்னு பன்மையில பேச்சு. இப்ப சின்ன உருண்டை, பெரிய உருண்டை.

முழுசா செத்துப் போயிடலை. என் பிராஞ்சுல கலிம்போங்லேருந்து ஒரு பொண்ணு வேலை பாக்குது. அவங்க வீட்டுல சோயாவுக்குப் பேரு பட்மாஸ். அதைப் புளிக்க வச்சு கினமான்னு பண்ணுவாங்க. டப்பாவைத் திறந்தா பக்கத்து சீட் காலி, ஆனா சோத்துக்கு அபாரம். கினமாவுக்கு சின்ன மஞ்சள் விதைதான் சரிப்படும், பெருசு வேகாதுன்னு அவங்கம்மா சொல்வாங்களாம். ரகம் பிரிச்சுப் பேசுற ஒரு வீட்டை இவ்ளோ நாள் கழிச்சுப் பாத்ததுல எனக்கு அவ்வளவு சந்தோஷம். வெளியூர்ல இருக்கிற நாம லேக் மார்க்கெட்ல முருங்கைக்காய்க்கும் சாம்பார் வெங்காயத்துக்கும் நின்னு பேரம் பேசுறோம்ல, அதுல ஒரு தடவை கறுப்புச் சோயா இருக்கான்னு கேட்டா என்ன? யாரும் கேக்காத பண்டத்தை எந்தக் கடைக்காரரும் வைக்க மாட்டார், யாரும் வாங்காததை எந்த விவசாயியும் விதைக்க மாட்டார்.

போன மாசம் அல்மோராவுலேருந்து ஒரு கஸ்டமர் வந்திருந்தார். குமாவோன் பக்கம் கறுப்புச் சோயாவை 'பட்'னு சொல்லி வாரத்துல ரெண்டு நாள் குழம்பு வைப்பாங்க. கெஞ்சிக் கேட்டு ஒரு பொட்டலம் வரவழைச்சேன். பாதி குழம்புக்குப் போச்சு. பத்து விதையைச் சின்னவளோட சேந்து பால்கனித் தொட்டியில போட்டேன். கறுப்புன்னா எல்லாம் ஒரே மாதிரிதான் வரும்னு நினைச்சேன். எட்டு முளைச்சிருக்கு. நேத்துக் காலையில மண்டி போட்டுப் பாத்தா ஆறு தண்டு ஊதா, ரெண்டு பச்சை. ரெண்டுல வெள்ளைப் பூ வரும்னு சின்னவகிட்ட சொல்லியிருக்கேன், அவ நம்பலை. எட்டுக்கும் நூல் கட்டி நம்பர் போட்டாச்சு. பூ வந்ததும் சொல்றேன்.